விழாத சுவிட்ச்

ஹட்டன் டவுனில் மின்சாமான் விற்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். டிரிப் சுவிட்ச் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். “தங்கச்சி, விழாதது ஏதும் இருக்கா?”

விழுவதற்கென்றே செய்த சாமானில் விழாதது வேண்டுமாம். காவலுக்கு நாய் வேண்டும், ஆனால் அது குரைக்கக் கூடாது என்று கேட்பது போல. முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. கேட்கிறவர் முகத்தைப் பார்க்காமல் முப்பது என்று போட்டதை எடுத்து மேசையில் வைக்கிறேன். வேண்டாமென்றால் போகட்டும். முதலாளிக்கு என் மேல் கோபம் உண்டு, எனக்கும் அவர் மேல் உண்டு.

விஷயம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அந்தச் சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு வழியில், அதாவது ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனுஷியின் உடம்பு வழியாகவோ, மண்ணில் இறங்கினால் உடனே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். எவ்வளவு கசிந்தால் விழ வேண்டும் என்பதுதான் அதன் முகத்தில் போட்டிருக்கிற எண். உயிரைக் காப்பாற்ற முப்பது. முந்நூறு என்று போட்டதும் இருக்கிறது. அது கட்டடம் தீப்பிடிக்காமல் இருக்க வைப்பது, அதற்கு மனுஷரைத் தெரியாது. ஆக, சின்ன எண்தான் நல்லது. குக்கர், கேத்தல் என்று தண்ணீரோடு சூடாகிற சாமான் உள்ள அடுப்படிக்குத் தனியாக ஒரு முப்பது போட்டுவிட்டால், குக்கர் பழுதாகும்போது அடுப்படி மட்டும்தான் இருளும். இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அதற்குப் பொருந்துகிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடலாம். இதைத்தான் ஒரே தகரத்தின் கீழ் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்துக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. என் அக்கா இன்று உயிரோடு இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் இருக்கிறது. எங்கள் தகரத்தில் விழுகிற மழைதான் ஓடையாகி ஆறாகி அந்தப் பக்கம் அணையில் நின்று கரண்டாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரண்ட் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தது. வந்தபோதும் வீட்டுக்கு வீடு வரவில்லை. லயம் முழுவதற்கும் பொதுவாக ஒன்று. முதல் வீட்டுக் காம்பராவின் சுவரில் ஒரு பலகை, அதில் ஒரே ஒரு டிரிப் சுவிட்ச், அங்கிருந்து எல்லாக் காம்பராவுக்கும் வயர். முதல் காம்பராவில் இருப்பவர் தோட்டத் தலைவர். சங்கத்துக்கும் அவர்தான், கோவிலுக்கும் அவர்தான், கரண்டுக்கும் அவர்தான்.

காம்பராவுக்கு ஒரு பல்பு எரிந்த காலத்தில் அந்தச் சுவிட்ச் இருப்பதே யாருக்கும் தெரியாது. பிறகு சமையல் காஸ் கிடைக்காமல் போனது. விறகுக்கு மலையில் கைவைத்தால் தோட்டத்து நிர்வாகம் கேஸ் போடும். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறைக் கட்டித் தூக்கிவந்தாலும் மழைக்காலத்தில் அது காய்வதில்லை, புகைதான் மிச்சம். ஒவ்வொரு வீடாக குக்கர் வந்தது, கேத்தல் வந்தது. அம்மாவும் நானும் இருந்த காம்பராவுக்கு அடுத்ததில்தான் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக் குக்கர் நல்லதண்ணியில் யாத்திரை சீசனுக்குப் போடுகிற கடையிலிருந்து வந்தது. சாமி கும்பிட மலையேறி இறங்கி வந்த மச்சான், கால் வலியோடு அதைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாராம். வெளிப்பக்கம் தகரம், பளபளவென்று பூப்போட்டிருக்கும். அக்கா அதைத் துடைத்துத் துடைத்தே வைத்திருப்பாள்.

மழை பிடித்ததும் சுவிட்ச் விழ ஆரம்பித்தது. விடிகிற நேரத்தில்தான் விழும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சோறு வேகிறது, தண்ணீர் கொதிக்கிறது. திடீரென்று லயம் முழுக்க இருட்டு. பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்புவார், இல்லையென்றால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுவார். ஆகவே அந்த இருட்டு வெறும் இருட்டில்லை, அது வயிற்றில் அடிக்கிற இருட்டு.

அதற்கு எங்கள் லயத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். தலைவர் வாசலில் நின்று, “எல்லாரும் பிளக்கைக் கழட்டுங்க!” என்று கத்துவார். எல்லாரும் கழற்றுவார்கள். சுவிட்சை ஏற்றுவார். பிறகு முதல் வீட்டிலிருந்து ஒவ்வொருவராக மாட்ட வேண்டும். எந்த வீடு மாட்டும்போது விழுகிறதோ அந்த வீடுதான் குற்றவாளி. பொம்பிளைகள் கொழுந்துக் கூடையோடு வாசலுக்கு வாசல் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். திருட்டுப் பொருளைத் தேடுகிற மாதிரி அந்தத் தேடல் ஒவ்வொரு கதவாக நகர்ந்து வரும்போது, உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது நின்ற கதவு பெரும்பாலும் என் அக்காவின் கதவு.

“ஒங்க வீட்டுச் சோறு வேகணும்னு எங்க புள்ளைங்க வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போறதா?”

“பூப்போட்ட குக்கரு வேற கேக்குது.”

என்னைப் போல வாய் இல்லை அக்காவுக்கு. வேகாத அரிசியை அப்படியே வைத்துவிட்டு, ரொட்டித் துண்டு ஒன்றைத் தின்றுகொண்டே கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள். மலையிலும் அதே பேச்சுதான். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள் சாடையாகப் பாடுவாளாம். அக்கா அதை என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்வாள், கண் மட்டும் சிரிக்காது. எனக்கு அப்போது வருகிற ஆத்திரத்துக்கு அந்தக் குக்கரை மலையிலிருந்து உருட்டிவிடலாம் போலிருக்கும்.

மச்சானுக்கு யாரோ யோசனை சொன்னார்கள், குக்கர் வயருக்குள் மஞ்சளும் பச்சையுமாக ஒரு வயர் இருக்கும், அதுதான் சுவிட்சை இழுத்து விழுத்துகிறது, அதை வெட்டிவிடு என்று. வெட்டிவிட்டார். அதுதான் எர்த் வயர். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வழி. அந்த வழியை அடைத்தால் கரண்ட் காத்துக்கொண்டிருக்கும், யாராவது தொடுகிற வரைக்கும்.

கொஞ்ச நாள் விழவில்லை. பிறகு வேறு மாதிரி விழத் தொடங்கியது. அக்கா குக்கரைத் தொட்டால் விழுந்தது. “சுள்ளுனு ஒரு தட்டுதான்டி, ஒடனே கரண்ட் போயிருச்சு,” என்று சொல்லிக் கையை உதறுவாள். லயம் அவளைத் திட்டும். அந்த இருட்டு ஒவ்வொன்றும் அவளுக்கு உயிர் திரும்பிய நேரம் என்று அந்த லயத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நான் சொன்னேன். கத்திச் சொன்னேன். குக்கரைத் தூக்கிப் போடு என்றேன்.

“சோறு நல்லாத்தானே வேகுது. வேகுற குக்கரை யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?” என்றாள் அக்கா.

கடையிலிருந்து ஒரு சின்ன முப்பது கொண்டுவந்தேன், அவள் அடுப்படிக்கு மட்டும் போட. மச்சான் டப்பாவைப் பிரித்துப் பார்த்தார், திரும்ப மூடினார். “இது வேற தனியா விழுமா? அப்ப எங்க வீட்டுல ரெண்டு தடவ விழும்,” என்றார். அவளும் அதையே சொன்னாள். அடுப்படி மட்டும் இருண்டாலும் அவளுக்குச் சோறு வேகாது, பெரட்டுக்குப் பிந்தும், அரைப்பேர்தான். குக்கரையும் மாற்றினால்தான் சரிவரும் என்றேன். மழை விடட்டும் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் மழை விடுவதாவது.

பிறகு கோவிலில் கூட்டம் போட்டார்கள். சுவிட்ச் பழசாகிவிட்டது, பலமில்லை, புதுசு வாங்க வேண்டும் என்று தீர்மானம். எல்லா வீட்டாரும் காசு போட்டார்கள். என் கடைக்கு வரவில்லை. “கடையில நிக்கிற புள்ள, அதுக்கு எது லாபமோ அதைத்தான் தலையில கட்டும்,” என்று தலைவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வேறொரு கடைக்குப் போய், விழாதது எது என்று கேட்டு, முந்நூறு என்று போட்டதை வாங்கி வந்தார். பழைய முப்பதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார்.

“பாருங்க, பழசு முப்பது. இது முந்நூறு. பத்து மடங்கு பவரு.”

கை தட்டினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனேன்.

“தலைவரே, அது பவர் இல்லீங்க. எவ்வளவு அடிச்சா கரண்ட்டை நிறுத்தணும்ங்கிற கணக்கு. இது போட்டீங்கன்னா ஒரு ஆளு செத்தாலும் விழாதுங்க.”

“நல்ல காரியம் நடக்குற எடத்துல என்னா பேச்சு புள்ள இது?” என்றார் அவர். பிறகு எல்லாரும் கேட்கும்படியாக, “பெரிய பைப்புல தண்ணி கூட வருமா, சின்ன பைப்புலயா?” என்றார். சிரித்தார்கள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. சங்கத்தில் எங்களுக்காகத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார். தெரியாதது என்று ஒன்று உலகத்தில் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

சுவிட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். பொம்பிளைகள் பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் அக்காவும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். எல்லாரையும்விட அதிக நேரம் அவள்தான் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவளோடு சண்டை போட்டேன். அவள் தேங்காய்ச் சில்லைக் கீறிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்:

“ஒனக்குத் தெரியாதுடி. நீ டவுனுக்குப் போயிருவ. காலையில அவங்க வந்து வாசல்ல நிக்கிறப்ப எனக்குச் செத்துப் போயிரலாம்னு இருக்கும். இனிமே யாரும் வர மாட்டாங்கள்ல. அது போதும்.”



உண்மைதான், யாரும் வரவில்லை. மழை கொட்டியது, எல்லா வீட்டிலும் சோறு வெந்தது, லயம் விடிய விடிய வெளிச்சமாக இருந்தது. ஷாக் மட்டும் அடித்தது. அக்கா வீட்டில் மட்டுமில்லை. சுவர் ஈரம், தரை ஈரம், பழைய கேத்தல்கள், பாதி வீட்டில் எர்த் வயர் வெட்டியாகிவிட்டது. ஆனால் அதைக் குறையாக யாரும் சொல்லவில்லை. அதோடு வாழப் பழகிவிட்டார்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்க வேண்டும். புறங்கையால் முதலில் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மலையில் நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியை நாலாக மடித்துக் காலடியில் போட்டு நிற்க வேண்டும். பொம்பிளைகள் இதையெல்லாம் சமையல் குறிப்பு மாதிரி ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தார்கள். “அங்க போகாத, குக்கரு கடிக்கும்,” என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அக்காவைத் திட்டியவள்தான் அவளுக்குப் படங்கு யோசனையைச் சொன்னவள். அதிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதம். ஒரு சமூகமே கூடி இவ்வளவு புத்தியைச் செலவழித்தது, ஒரு சின்ன எண்ணைப் பார்த்து வாங்குவதற்குப் பதிலாக.

இந்த இடத்தில் என்னை நானே நொந்துகொள்வேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் இருக்கலாம். நொந்துகொள்ள மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னேன். தோட்டத்து ஆபீசுக்கும் போய்ச் சொன்னேன். பலகை லயத்து ஆட்கள் விவகாரம், தோட்டம் தலையிடாது என்றார்கள். லயத்துக்குப் பின்னால் எர்த் கம்பி ஒன்று புதிதாக அடித்துத்தர முடியுமா என்றால், அந்த மண் தோட்டத்துடையது, கேட்காமல் தோண்டக் கூடாது என்றார்கள். கேட்கத்தானே வந்தேன் என்றேன். தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் வரவில்லை.

அவள் போன அன்றைக்கு, ராத்திரியெல்லாம் பெய்த மழை காலையிலும் விடவில்லை. பின்கதவு அடியால் தண்ணீர் ஏறி அக்காவின் அடுப்படித் தரை சொதசொதவென்று இருந்தது. மச்சான் ஃபெக்டரிக்குப் போய்விட்டார். முதல் நாள் மலையில் நனைந்த படங்கு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அவசரத்தில் வெறுங்காலோடு போய்க் குக்கரைத் தூக்கியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு நான் சேர்த்துப் பார்த்தது.

எனக்குக் கேட்டது ஒரு மூடி விழுந்து உருண்ட சத்தம் மட்டும்தான். எங்கள் காம்பராவுக்கும் அவள் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. சுவருக்கு மேலே அவள் வீட்டு பல்பின் வெளிச்சம் எங்கள் தகரத்தில் அசையாமல் இருந்தது. அக்கா என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். பழைய சுவிட்சாக இருந்திருந்தால் அந்த நேரம் லயமே இருண்டிருக்கும். எல்லாரும் கத்தியிருப்பார்கள். அவளைத் திட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றிருப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாள்.

ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகுதான் அவளைத் தொட்டேன். சோறு தரையெல்லாம் சிந்தியிருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. நெஞ்சை அமுக்கினேன், வாயில் ஊதினேன், யார் யாரோ வந்தார்கள், த்ரீவீல் ஒன்றில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அக்காவின் விரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு காரணம் தேடினார்கள். ஈரக்கையோடு தொட்டிருக்கிறாள் என்றார்கள். செருப்புப் போடவில்லையே என்றார்கள். சீசன் கடைச் சாமான் என்றார்கள். படங்கு யோசனை சொன்னவள், “நான் அவ்வளவு சொல்லியும் காலுக்குக் கீழ போடாம விட்டுட்டாளே,” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மச்சான் விதி என்று ஒரே சொல்லில் முடித்தார். தோட்டத்து ஆபீசில், வேலை நேரத்தில் நடந்ததில்லை என்றார்கள். செத்தவள் மேலேதான் எல்லாப் பழியும் போய்ச் சேர்ந்தது. சந்தனம் பூசின சுவிட்ச் பக்கம் ஒரு கண்கூடத் திரும்பவில்லை.

மறுநாள் அவளைக் காம்பரா நடுவில் கிடத்தியிருந்தோம். அம்மா அழுது அழுது குரல் போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். தோட்டத்தின் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று மழையில் குடையோடு சனம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுக்க வேண்டுமே. லயத்தில் எல்லா வீட்டிலும் கேத்தல் போட்டார்கள். சாவு வீட்டுக்காரர்கள் உலை வைக்கக் கூடாது என்பதால் மற்ற வீடுகளில் குக்கர்களும் வேகத் தொடங்கின. நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே தகரப் பந்தலின் கீழ் ஆம்பிளைகள் நின்றார்கள். மழைச் சத்தத்தையும் மீறி அவர்கள் பேச்சுக் கேட்டது.

மேல் டிவிஷன்காரர் ஒருவர் கேட்டார், “இத்தன கேத்தலு, இத்தன குக்கரு போட்டும் ஒங்க லயத்துல கரண்ட் நிக்குதே. எங்க லயத்துல ரெண்டு கேத்தலுக்கே விழுந்திரும்.”

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், சாவு வீடு என்ற மரியாதைக்கு.

“நாங்க முந்நூறு போட்டிருக்கோம்ல.”

“அப்படியா? எங்களுக்கும் ஒன்னு வாங்கணும். எந்தக் கடைங்க?”

அவர் கடையைச் சொன்னார். எந்தத் திருப்பத்தில், எதற்குப் பக்கத்தில் என்று வழியும் சொன்னார். நான் எழுந்து வெளியே போனேன். அதுதான்யா அவளைக் கொன்றது, அதையா வாங்கப் போகிறாய் என்று அந்த மனுஷரின் சட்டையைப் பிடித்துக் கத்தினேன். தலைவரைப் பார்த்தும் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் தாங்க முடியவில்லை. “பாவம், கூடப் பொறந்தவ, தாங்கமாட்டாம பேசுறா,” என்றார்கள். பொம்பிளைகள் இரண்டு பக்கமும் பிடித்து என்னை உள்ளே கூட்டிவந்து அக்காவின் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். ஒருத்தி ஓடிப்போய், அப்போதுதான் கொதித்த கேத்தலிலிருந்து ஒரு கப் பிளேன்டீ ஊற்றிவந்து என் கையில் வைத்து, சூடாக இருக்கிறது, குடி என்றாள்.